கண்ணாடியைக் கழற்ற லேசர்: உங்கள் கருவிழி இடம் கொடுக்குமா?

“எனக்கு மைனஸ் அஞ்சு. லேசர் பண்ணிக்கலாமா?” இந்தக் கேள்விக்குப் பவரை மட்டும் வைத்து எந்தக் கண் மருத்துவராலும் பதில் சொல்ல முடியாது. மைனஸ் 2 உள்ளவரை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதும், மைனஸ் 7 உள்ளவருக்குத் தேதி கொடுப்பதும் ஒரே கிளினிக்கில் ஒரே நாளில் நடக்கக்கூடியவை. தீர்மானிப்பது கருவிழியின் தடிமனும் வடிவமும். அதற்கடுத்துக் கண்ணீர். பவருக்கு மூன்றாம் இடம்தான்.

பெங்களூரில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே பரிசோதனைக்குப் போவது நல்லது. எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் வேலை பார்ப்பவர்களைக் குறிவைத்து வரும் விளம்பரங்களில் பரிசோதனை இலவசம், இந்த வாரம் பதிந்தால் தள்ளுபடி, மாதத் தவணை வசதி என்று எல்லாம் இருக்கும். இன்னொரு பக்கம், “தை மாசம் கல்யாணம், அதுக்குள்ள கண்ணாடியை எடுத்துடு” என்று சேலத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ வீட்டில் நெருக்குவார்கள். கண்ணுக்கு அப்படியொரு அவசரம் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டே இருப்பதால் யாருக்கும் கண் கெடுவதில்லை. நோய்க்காகச் செய்யும் அறுவை சிகிச்சையில் கொஞ்சம் ஆபத்தை ஏற்றுத்தான் ஆக வேண்டும். வசதிக்காகச் செய்யும் இதில் சந்தேகம் வந்தால் விட்டுவிடுவதே முறை.

லேசர் எதை எடுக்கிறது

கண்ணின் முன்பக்கத்தில், கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடியைப் போலக் கவிந்து நிற்கும் தெளிவான பகுதியைத்தான் மருத்துவர்கள் கருவிழி என்கிறார்கள். நடுப்பகுதியில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். பலருக்கு 500 முதல் 560 மைக்ரான் வரை. ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். கண்ணுக்குள் வரும் ஒளியை வளைக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கருவிழியே செய்கிறது. அதனால் அதன் வளைவைக் கொஞ்சம் மாற்றினாலே பவர் மாறிவிடும். கிட்டப்பார்வைக்கு நடுப்பகுதியைச் செதுக்கித் தட்டையாக்குகிறார்கள். தூரப்பார்வைக்கு ஓரத்தில் வளையமாகச் செதுக்கி நடுவை மேடாக்குகிறார்கள். சிலிண்டர் பவர் இருந்தால் ஒரு திசையில் கூடுதலாகவும் மற்றதில் குறைவாகவும் எடுக்கிறார்கள்.

செதுக்குவது 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட எக்ஸைமர் லேசர். பக்கத்துத் திசுவைச் சுடாமல் மைக்ரான் கணக்கில் துல்லியமாக எடுக்க இதனால் முடியும் என்பது 1981-இல் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் தெரியவந்தது. கண்டறிந்த மூவரில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி சீனிவாசன். விருந்தில் மிஞ்சிய வான்கோழி எலும்பில்தான் முதலில் சோதித்துப் பார்த்தார்கள்.

செய்யும் முறைகள் மூன்று வகை. பிஆர்கே முறையில் கருவிழியின் மேல்தோலை, அதாவது சுமார் 50 மைக்ரான் தடிமனுள்ள எபிதீலியத்தை, நீக்கிவிட்டு அடியில் லேசர் அடிக்கிறார்கள். மேல்தோல் சில நாட்களில் மறுபடி வளர்ந்துவிடும். அதுவரை வலியும் கண்ணீரும் உண்டு, பார்வை முழுசாகத் தெளியச் சில வாரங்கள் பிடிக்கும். லாசிக்கில் 100 முதல் 120 மைக்ரான் தடிமனில் ஃபிளாப் எனப்படும் மடல் ஒன்றை வெட்டித் தூக்கி, அடியில் செதுக்கிவிட்டு, மடலைத் திரும்ப மூடுகிறார்கள். ஸ்மைல் முறையில் மடல் கிடையாது. கருவிழிக்குள்ளேயே வில்லை வடிவத்தில் ஒரு துண்டை லேசரால் பிரித்து, 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியே உருவி எடுக்கிறார்கள். காண்டோரா என்று விளம்பரம் செய்யப்படுவது கருவிழியின் வரைபடத்தைப் பார்த்துச் செதுக்கும் லாசிக். மடல் அதிலும் உண்டு, தடிமன் கணக்கும் அதற்குப் பொருந்தும். “பிளேடு இல்லை” என்பது மடலை எதனால் வெட்டுகிறார்கள் என்பதை மட்டுமே சொல்கிறது. உங்கள் கண்ணுக்கு அது ஏற்றதா என்பதைப் பற்றி அந்தச் சொல் எதையும் சொல்வதில்லை.

எந்த முறையானாலும், எடுத்த ஸ்ட்ரோமா, அதாவது கருவிழியின் நடுத்திசு, மறுபடி வளராது. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை வாழ்நாள் முழுக்கத் தாங்கப்போவது மிச்சமிருக்கும் பகுதிதான். பரிசோதனைகளில் பெரும்பாலானவை இந்த மிச்சம் போதுமா என்று பார்ப்பதற்காகவே நடக்கின்றன.

தடிமன் கணக்கு: நீங்களே போட்டுப் பார்க்கலாம்

லேசர் எவ்வளவு ஆழம் செதுக்கும் என்பதற்கு ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, பவரால் பெருக்கி, 3-ஆல் வகுத்தால் மைக்ரானில் விடை வரும். வழக்கமான 6.5 மில்லிமீட்டர் வட்டத்துக்கு ஒரு டயாப்டருக்கு, அதாவது ஒரு பவருக்கு, சுமார் 14 மைக்ரான். 6 மில்லிமீட்டர் வட்டம் என்றால் 12 மைக்ரான். சிலிண்டர் இருந்தால் அதையும் பவரோடு கூட்டிக்கொள்ளுங்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் இந்த எண் கொஞ்சம் மாறும், கூடுதலாகவே செதுக்கும் இயந்திரங்களும் உண்டு. தோராயம் தெரிந்துகொள்ள இது போதும்.

கருவிழித் தடிமன் 540, பவர் மைனஸ் 5, மடல் 110 என்று வைத்துக்கொள்வோம். செதுக்கல் 70 மைக்ரான். 540-இலிருந்து 110-ஐயும் 70-ஐயும் கழித்தால் மிச்சம் 360. இந்த மிச்சம் 250-க்குக் கீழே போகவே கூடாது என்பது பழைய விதி. இன்று பலர் 280 அல்லது 300 இருக்க வேண்டும் என்கிறார்கள். மடல் திரும்ப ஒட்டிக்கொண்டாலும் கண்ணின் பலத்துக்கு அது பெரிதாக உதவாது, அதனால்தான் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டாவது கணக்கு இன்னும் முக்கியமானது. மடலையும் செதுக்கலையும் கூட்டி, மொத்தத் தடிமனில் அது எத்தனை சதவீதம் என்று பாருங்கள். மேலே சொன்னவருக்கு 540-இல் 180, அதாவது 33 சதவீதம். 40-ஐத் தொட்டால் பிற்காலத்தில் கருவிழி தளர்ந்து புடைக்கும் ஆபத்து கூடுகிறது.

இன்னொருவரை எடுத்துக்கொள்வோம். தடிமன் 490, பவர் மைனஸ் 7. செதுக்கல் கிட்டத்தட்ட 99. மிச்சம் 281. பழைய விதிப்படி இவர் தேறிவிட்டார். ஆனால் 490-இல் 209 போகிறது, 43 சதவீதம். இங்கேதான் சில இடங்களில் சமாளிப்பு நடக்கும்: வட்டத்தை 6 மில்லிமீட்டராகக் குறைத்தால் செதுக்கல் 84, சதவீதம் 40-க்கு ஒரு மயிரிழை கீழே இறங்கிவிடும். தாளில் கணக்கு சரி. ஆனால் இருட்டில் பாப்பா, அதாவது கண்ணுக்குள் ஒளி நுழையும் துளை, 7 மில்லிமீட்டர் விரிகிறவராக இருந்தால், செதுக்கிய வட்டத்துக்கு வெளியே இருந்தும் ஒளி உள்ளே வரும். எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டைச் சுற்றி ஒளிவட்டமும் சிதறலும் தெரியும். வெள்ளிக்கிழமை இரவு ஓசூர் சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. இப்படிப்பட்டவருக்கு மடல் இல்லாத பிஆர்கே ஒரு வழி என்று தோன்றும், ஏனென்றால் 110-க்குப் பதில் வளர்ந்துவிடும் 50 மைக்ரான்தான் கழியும். ஆனால் பவர் அதிகமாகும்போது பிஆர்கேயில் கருவிழி மங்கும் வாய்ப்பும் கூடுகிறது. அதைத் தடுக்க மைட்டோமைசின் என்ற மருந்தைச் சில நொடிகள் வைக்கிறார்கள். நம் கணிப்பில் 490-உம் மைனஸ் 7-உம் சேர்ந்தவர் லேசரை விட்டுவிட்டு வேறு வழி பார்ப்பதே நல்லது.

ஸ்மைலில் அதே பவருக்கு எடுக்கும் திசு லாசிக்கைவிடக் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம்; வழக்கமாகக் கொஞ்சம் கூடுதல்தான். மேலடுக்கு வெட்டுப்படாமல் இருப்பது அதன் பலம். மெலிந்த கருவிழிக்கு அது மந்திரம் அல்ல.

வளைவுக்கும் ஒரு எல்லை உண்டு. கருவிழியின் வளைவைக் கே என்ற எண்ணால் குறிப்பார்கள். பலருக்கு 42-இலிருந்து 45 வரை இருக்கும். ஒரு டயாப்டர் கிட்டப்பார்வையைத் திருத்தினால் இது சுமார் 0.8 குறையும். கே 40 உள்ள ஒருவருக்கு மைனஸ் 7-ஐ எடுத்தால் 34-க்குப் போய்விடும். 35-க்குக் கீழே தட்டையாகிவிட்ட கண், எழுத்துப் பலகையில் கடைசி வரியைப் படித்தாலும், காட்சி கூர்மையாக இருக்காது.

வடிவம்: இங்கேதான் பலர் வடிகட்டப்படுகிறார்கள்

தடிமன் தாராளமாக இருந்தும் கூடாது என்று சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் கெரட்டோகோனஸ், அல்லது அதன் ஒளிந்திருக்கும் ஆரம்ப நிலை. கருவிழி மெலிந்து கூம்பு போல முன்னே தள்ளும் நோய் இது. பதின்ம வயதிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டும். ஆரம்பத்தில் கண்ணாடி போட்டால் 6/6, அதாவது முழுப் பார்வை, தெரியும், வலி இருக்காது, கண்ணாடிக் கடையில் கண்டுபிடிக்கவும் முடியாது. இந்தக் கண்ணில் லேசர் அடித்தால், ஏற்கெனவே பலவீனமான சுவரிலிருந்து இன்னும் கொஞ்சம் சுரண்டியதாக ஆகிவிடும். சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ கருவிழி புடைத்து, கண்ணாடியாலும் சரியாகாத மங்கல் வரும். எக்டேசியா என்று அதைச் சொல்வார்கள். லேசர் சிகிச்சையில் மருத்துவர்கள் மிகவும் பயப்படுவது இதற்குத்தான்.

இதைப் பிடிப்பதற்காகவே பென்டாகேம் போன்ற ஸ்கேன் எடுக்கிறார்கள். வெறும் தடிமன் அளக்கும் கருவி போதாது. கருவிழியின் முன்பரப்பையும் பின்பரப்பையும் சேர்த்து வரைபடமாகக் காட்டும் கருவி வேண்டும், ஏனென்றால் நோய் பெரும்பாலும் பின்பரப்பில்தான் முதலில் தெரிகிறது. கையில் கிடைக்கும் வண்ணப் படத்தில் நீங்கள் மூன்று இடங்களைப் பார்க்கலாம். மேல்பாதியும் கீழ்பாதியும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருக்கின்றனவா, இல்லை கீழே மட்டும் சிவப்பு திரண்டிருக்கிறதா? மேலுக்கும் கீழுக்கும் 1.4 டயாப்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் மருத்துவர் புருவத்தை உயர்த்துவார். அடுத்து, மிக மெல்லிய புள்ளி கருவிழியின் நடுவை ஒட்டி இருக்கிறதா, கீழே நழுவியிருக்கிறதா? கடைசியாக, ஸ்கேன் அறிக்கையில் பெலின்-அம்ப்ரோசியோ என்ற பக்கத்தில் டி என்று ஒரு மொத்த மதிப்பெண் இருக்கும். 1.6-க்குக் கீழ் வெள்ளை, அதற்கு மேல் மஞ்சள், 2.6-ஐத் தாண்டினால் சிவப்பு. மஞ்சள் வந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. கான்டாக்ட் லென்ஸை நிறுத்தாமல் போனாலும், கண் வறண்டிருந்தாலும், ஸ்கேன் எடுக்கும்போது இமைத்துவிட்டாலும் எண் பிசகும். ஆனால் காரணம் தெரியாத மஞ்சளை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது. சில வாரங்கள் விட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு கண் சுத்தமாக இருந்து மற்றதில் மட்டும் சந்தேகம் என்றால், சுத்தமான கண்ணுக்கும் லேசர் கூடாது. இந்த நோய் இரண்டு கண்ணையும் பிடிப்பது. ஒன்றில் முந்தி, மற்றதில் பிந்தி வரும், அவ்வளவுதான்.

மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டிய சில விவரங்கள் உண்டு. வீட்டில் அண்ணன் தங்கைக்கோ அம்மா வழியிலோ கெரட்டோகோனஸ் இருந்ததா? கடந்த இரண்டு மூன்று வருடத்தில் சிலிண்டர் பவர் மட்டும் ஏறிக்கொண்டே போகிறதா? சின்ன வயதிலிருந்து கண் அரிப்பு, கசக்கும் பழக்கம் இருக்கிறதா? மகரந்தமும் சாலைத் தூசியும் ஒத்துக்கொள்ளாமல் பெங்களூருக்கு வந்த பிறகு கண்ணைக் கசக்கத் தொடங்கியவர்கள் ஏராளம். விரல் முட்டியால் அழுத்திக் கசக்குவது கருவிழியைத் தளர்த்தும். அலர்ஜிக்கு முதலில் மருந்து, கசக்கும் பழக்கத்துக்கு முற்றுப்புள்ளி, அதற்குப் பிறகுதான் லேசர் பேச்சு.

கண்ணீர்

லேசரை நாடி வருபவர்களில் கணிசமானவர்கள் சொல்லும் காரணம், “லென்ஸ் போட்டா உறுத்துது, சாயங்காலத்துக்குள்ள கழட்டிடறேன்.” லென்ஸ் ஒத்துக்கொள்ளாததற்கு அடிக்கடி அடியில் இருப்பது கண் வறட்சி. அதே வறட்சிதான் லேசருக்குப் பிறகும் தொல்லை கொடுக்கப்போகிறது.

கருவிழியில் உணர்வு நரம்புகள் அடர்த்தியாக ஓடுகின்றன. கண் காய்ந்திருக்கிறது, கண்ணீரை விடு, இமை என்று மூளைக்குச் சொல்வது அவைதான். லாசிக் மடலை வெட்டும்போது அவற்றில் பெரும்பகுதி அறுபடும். திரும்ப வளர ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். அதுவரை எல்லாருக்குமே கொஞ்சம் வறட்சி இருக்கும். ஏசி அறையில் பத்து மணி நேரம் திரையைப் பார்க்கிறவர் இமைப்பதே பாதியாகக் குறைந்துவிடும். அவருக்கு வறட்சி இன்னும் கூடும். ஸ்மைலில் கீறல் சிறியது என்பதால் நரம்புச் சேதம் குறைவு. மிதமான வறட்சி உள்ளவருக்கு லாசிக்குக்குப் பதில் ஸ்மைல் என்று மருத்துவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

சோதனைகள் எளியவை. ஷிர்மர் சோதனையில் கீழிமைக்குள் காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் விடுவார்கள். 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் பயமில்லை. 5-க்குக் கீழ் என்றால் கடுமையான வறட்சி. இன்னொன்றில் மஞ்சள் சாயம் விட்டு, நீங்கள் இமைக்காமல் இருக்கும்போது கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று எண்ணுவார்கள். 10 நொடி தாங்கினால் நல்லது, ஐந்துக்குள் உடைந்தால் இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருக்கலாம். வெந்நீர் ஒத்தடமும் இமை ஓரத்தைச் சுத்தம் செய்வதும் சொட்டு மருந்துமாக ஒன்றிரண்டு மாதம் கவனித்தால் பலருக்குச் சரியாகும். பிறகு மறுபடி அளந்துவிட்டு முடிவெடுக்கலாம். வறட்சியை அளக்காமலேயே தேதி கொடுக்கும் இடத்தில் செய்துகொள்ள வேண்டாம் என்பது நம் கருத்து.

முடக்குவாதம், லூபஸ், ஷோகிரன் போன்ற தன்னுடல் தாக்கு நோய்கள் இருப்பவர்களுக்கு வறட்சியோடு, காயம் ஆறுவதிலும் சிக்கல் வரும். பலருக்கு நேராக மறுப்புதான் கிடைக்கும்.

பவர் நின்றுவிட்டதா

குறைந்த வயது 18. நடைமுறையில் பல மருத்துவர்கள் 21 வரை பொறுக்கச் சொல்கிறார்கள், ஏனென்றால் கல்லூரி முடியும் வரை சிலருக்கு மைனஸ் ஏறிக்கொண்டே இருக்கும். வயதைவிட முக்கியம், கடந்த ஒரு வருடத்தில் பவர் 0.5 டயாப்டருக்கு மேல் மாறியிருக்கக் கூடாது என்பது. பழைய சீட்டைத் தொலைத்துவிட்டீர்கள் என்றால் பழைய கண்ணாடியையே எடுத்துப் போங்கள். லென்சோமீட்டரில் வைத்து அதன் பவரைப் படித்துவிடுவார்கள்.

கணினி முன்னால் இருப்பவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. கிட்டத்தில் உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கும் கண், அளக்கும்போதும் இறுகியே இருக்கும். உண்மையில் மைனஸ் 3 உள்ளவருக்கு 3.5 என்று காட்டும். அதை நம்பி லேசர் அடித்தால் பவர் பிளஸ் பக்கம் போய், படிக்கும்போது தலைவலி. அதனால் சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் தசையைத் தளர்த்திவிட்டு ஒருமுறையும், மருந்து இறங்கிய பிறகு இன்னொரு முறையும் அளக்க வேண்டும்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது பவரே ஏறி இறங்கும். கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் அப்படியே. பால் நிறுத்தி ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து அளப்பது வழக்கம். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சொல்லிவிட வேண்டும், கண்ணை அது கடுமையாக வறள வைக்கும். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள்.

பவரின் எல்லை என்று பார்த்தால் கிட்டப்பார்வைக்கு மைனஸ் 8 வரை ஓரளவு நிம்மதியாகவும், 10 வரை தயக்கத்தோடும் செய்கிறார்கள். பிளஸ் பவருக்கு 3 அல்லது 4 தாண்டினால் பலன் நிற்பதில்லை.

வேறு தடைகள்

கண்ணில் ஹெர்ப்பிஸ் வைரஸ் தொற்று வந்திருந்தால் லேசர் அதைத் திரும்ப எழுப்பிவிடக்கூடும். கண் அழுத்த நோயும் கண்புரையும் இருந்தால் முதலில் அவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கண் மட்டுமே நன்றாகத் தெரிகிறவர் அந்தக் கண்ணைப் பணயம் வைக்கக் கூடாது. கண்ணாடி போட்டும் 6/6 தெரியாத சோம்பேறிக் கண், லேசருக்குப் பிறகும் கண்ணாடியோடு தெரிந்த அளவுக்குத்தான் தெரியும். கபடி, குத்துச்சண்டை ஆடுகிறவர்களுக்கு அடிபட்டு மடல் நகரும் ஆபத்து இருப்பதால் பிஆர்கேயோ ஸ்மைலோ பொருந்தும்.

மைனஸ் அதிகம் உள்ள கண் நீளமானது. அதன் விழித்திரை ஓரங்களில் மெலிந்தும் ஓட்டை விழுந்தும் இருக்கலாம். பாப்பாவை விரித்து விழித்திரை ஓரம் வரை பார்த்து, தேவைப்பட்டால் அந்த இடத்துக்கு முதலில் வேறு லேசர் போட்டு அரண் கட்டிவிட்டுச் சில வாரம் பொறுப்பார்கள். கருவிழியைச் செதுக்குவதால் கண்ணின் நீளம் குறையாது. கண்ணாடி போன பிறகும் வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்டியே ஆக வேண்டும். கண்ணாடி இல்லாதவர் கண் ஆஸ்பத்திரி பக்கமே போவதில்லை என்பதுதான் இதில் சிக்கல்.

நாற்பதை நெருங்குகிறவர்களுக்கு ஏமாற்றம் வேறு வழியில் வரும். மைனஸ் 2 உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு செய்தித்தாள் படிக்க முடியும். தூரத்தைச் சரிசெய்துவிட்டால் அந்த வசதி போய், வெள்ளெழுத்துக்குத் தனியாகப் படிக்கும் கண்ணாடி வாங்க வேண்டியிருக்கும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைக்கும் மோனோவிஷன் உண்டு. அதைச் செய்யும் முன் அதே அளவில் கான்டாக்ட் லென்ஸ் போட்டு ஒன்றிரண்டு வாரம் வாழ்ந்து பாருங்கள். சிலருக்குத் தலை சுற்றும்.

அரசு வேலைக்குத் தயாராகிறவர்கள் அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் கண்ணில் கைவைக்க வேண்டும். ரயில்வேயின் அசிஸ்டன்ட் லோகோ பைலட் அறிவிப்புகளில் லாசிக் செய்தவர்கள் தகுதியில்லை என்றே போடுகிறார்கள்.

பரிசோதனை நாள்

சாஃப்ட் லென்ஸ் போடுகிறவர்கள் இரண்டு வாரம், சிலிண்டர் லென்ஸும் அரைக்கடின லென்ஸும் போடுகிறவர்கள் மூன்று வாரம், பழைய கடின லென்ஸ் என்றால் நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். லென்ஸ் கருவிழியை அழுத்தி உருமாற்றி வைத்திருக்கும். அது தன் வடிவத்துக்குத் திரும்ப இத்தனை காலம் பிடிக்கும். முதல் நாள் வரை லென்ஸ் போட்டுவிட்டுப் போனால் நல்ல கருவிழியும் நோயாகத் தெரியலாம், நோயும் மறைந்துபோகலாம். கண்மை வேண்டாம்.

முழுப் பரிசோதனைக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். பாப்பா விரியும் மருந்து விட்டால் அன்று முழுக்கக் கிட்டத்தில் எழுத்து மங்கும், வெயில் கூசும். சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். டூவீலரை எடுக்காமல் மெட்ரோவிலோ யாரையாவது கூட்டிக்கொண்டு ஆட்டோவிலோ திரும்புங்கள். பதினைந்து நிமிடத்தில் முடிந்து, “ஃபிட்” என்று ஆலோசகர் விலைப்பட்டியலை நீட்டினால் அது பரிசோதனை அல்ல. அறுவை செய்யப்போகும் மருத்துவரையே பார்த்து நான்கு எண்களைக் கேளுங்கள்: மெல்லிய இடத்தில் தடிமன், எனக்குச் செதுக்கப்போகும் ஆழம், மிச்சம், செதுக்கும் வட்டத்தின் விட்டம். ஸ்கேன் அச்சுகளையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு இடத்தில் முடியும் என்றும் இன்னொரு இடத்தில் முடியாது என்றும் சொன்னால் காரணத்தைப் பாருங்கள். “மடலுக்குத் தடிமன் போதாது” என்பது முறையைப் பொறுத்த மறுப்பு, வேறு முறையில் அது ஆம் ஆகலாம். “வடிவம் சந்தேகமாக இருக்கிறது” என்பது கண்ணைப் பற்றிய மறுப்பு. எந்த இயந்திரத்தாலும் அது மாறாது, அங்கே மறுத்தவரை நம்புங்கள்.

மறுக்கப்பட்டவர்களுக்கு வழி அடைபட்டுவிடவில்லை. பவர் அதிகம், கருவிழி மெல்லியது என்றால் ஐசிஎல் என்ற லென்ஸைக் கண்ணுக்குள் இயற்கை லென்ஸுக்கு முன்னால் வைக்கிறார்கள். இதில் கருவிழி செதுக்கப்படுவதில்லை, தேவைப்பட்டால் லென்ஸைத் திரும்ப எடுத்துவிடலாம். ஆனால் கருவிழிக்கும் இயற்கை லென்ஸுக்கும் நடுவே சுமார் 2.8 மில்லிமீட்டராவது இடம் இருக்க வேண்டும், கருவிழியின் உள்பக்கச் செல்களும் போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும். கெரட்டோகோனஸ் உறுதியாகி, வளர்ந்துகொண்டிருந்தால் ரைபோஃப்ளேவின் சொட்டும் புற ஊதாக் கதிரும் கொண்டு கருவிழியை இறுகவைக்கும் கிராஸ்லிங்கிங் செய்வார்கள். அது நோயை நிறுத்துவதற்கு, கண்ணாடியைக் கழற்றுவதற்கு அல்ல. இலவசப் பரிசோதனைக்குப் போய் இந்த நோய் தெரியவந்தவர்களுக்கு உண்மையில் அது லாபம்தான்.

கம்பெனி இன்சூரன்ஸை நம்பி இருப்பவர்களுக்கு: இந்தியாவில் உடல்நலக் காப்பீடுகளின் பொதுவான விலக்குப் பட்டியலில் 7.5 டயாப்டருக்குக் குறைவான பவருக்கான சிகிச்சை இருக்கிறது. அதற்குக் கீழே பவர் உள்ளவர்களுக்கு, குழுக் காப்பீட்டில் தனியாகச் சேர்த்திருந்தால் ஒழிய, பணம் கிடைக்காது. எச்ஆரிடம் பாலிசியைக் கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள்.

கல்யாணத்துக்காகச் செய்கிறவர்கள் முகூர்த்தத்துக்கு மூன்று மாதமாவது முன்னால் முடித்துக்கொள்வது நல்லது. கண்மையும் மேக்கப்பும் சில வாரம் தொடக் கூடாது, வறண்ட கண்ணோடு ஹோமப் புகையில் உட்கார்வது வேதனை.

செய்துகொண்டவர்கள் அறுவைக்கு முந்தைய பவர், கே எண்கள், தடிமன், எவ்வளவு செதுக்கினார்கள் என்ற விவரம் எல்லாவற்றையும் ஆதாரைப் போலப் பத்திரப்படுத்துங்கள்; செல்போனில் படம் மட்டும் போதாது, மின்னஞ்சலிலும் ஒரு பிரதி இருக்கட்டும். மெலிந்த கருவிழியில் கண் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், அழுத்த நோய் தப்பிவிடக்கூடும். அறுபதில் கண்புரைக்கு உள்லென்ஸ் வைக்கும்போது, மாறிப்போன கருவிழியை வைத்து வழக்கமான சூத்திரம் தப்பான பவரைக் கொடுக்கும். அன்றைய மருத்துவர் முதலில் கேட்கப்போவது இந்தத் தாள்களைத்தான்.